பத்துக்கு மேல் இடமில்லை

செவ்வாய்க்கிழமை காலை, அடுப்பில் பால் பொங்குகிற நேரத்தில், அலர்மேல்மங்கை எழுதிய கணினிக் கருவி மூன்று பேரைப் பிடித்தது. பல் துலக்கிவிட்டு வந்து கணினியைத் திறந்தவள், போட்டியாளர் பட்டியலில் மூன்று பெயர்களுக்கு முன்னால் சிவப்புப் புள்ளி இருப்பதைப் பார்த்தாள். தங்கப்பொண்ணு, காளை, அன்னக்கொடி. மூன்று பேருக்கும் ஊர் உசிலம்பட்டி. முந்தின நாள் வரை பட்டியலின் முதல் மூன்று இடங்களும் அவர்களுடையவை. அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். கள்ள மதிப்பெண்ணைக் கண்டுபிடிக்கிற அந்தச் சோதனையைக் கருவிக்குள் வைத்ததிலிருந்து அது யாரையும் பிடித்ததில்லை. வேலை செய்கிறதா, சும்மா உட்கார்ந்திருக்கிறதா என்றே தெரியாமல் இருந்தது. அம்மா உள்ளே இருந்து காபிக்குக் கூப்பிட்டாள். அவள் போகவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மூன்று புள்ளிகளையும் ஒவ்வொன்றாகச் சொடுக்கி, கருவி எழுதியிருந்த காரணத்தைப் படித்தாள். ‘இவர்கள் தங்களுக்குள் மதிப்பெண்களை மாற்றி மாற்றி உயர்த்திக்கொள்கிறார்கள். இவர்களின் கட்டுரைகள் முடிவுக்கு எடுத்துக்கொள்ளப்படமாட்டா.’ அந்த வாக்கியத்தை எழுதியதும் அவள்தான். கோடையில் ஒரு மத்தியானம், யாரையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் எழுதியது.

யார் வேண்டுமானாலும் எழுதலாம், எழுதியதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று தமிழில் ஒரு இணையக் கலைக்களஞ்சியம் இருந்தது. அதில் வருஷத்துக்கு ஒரு முறை ஒரு மாதம் கட்டுரைப் போட்டி நடக்கும். போன வருஷம், 2008இல், அலர்மேல்மங்கையை நடுவர்களில் ஒருத்தியாகப் போட்டார்கள். இயற்பியல் படித்தவள், திருநகரில் வீட்டிலிருந்தபடியே நிதானமாக எழுதுகிறவள், பக்கம் சாயமாட்டாள் என்று நினைத்தார்கள். அவளுக்குப் பக்கம் சாயத் தெரியாது. ஆனால் முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்லவும் தெரியாது. அவள் ஏழு போட்ட ஒருவர் எப்படியோ எண்ணை வாங்கி, தொலைபேசியில் கூப்பிட்டு, “ஏங்க, ஏழுதானா?” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவள் எட்டாக்கினாள். அவர் இன்னொருவரிடம் சொல்லியிருக்க வேண்டும். மாதக் கடைசியில் அவள் மதிப்பிட்ட கட்டுரைகள் எல்லாவற்றுக்கும் எட்டு. நடுவர்களின் மின்மடல் குழுவில் யாரோ அவளை ‘எட்டுமங்கை’ என்று எழுத, மற்றவர்கள் சிரிப்புக் குறி போட்டார்கள். அவளும் ஒரு சிரிப்புக் குறி போட்டுவிட்டுக் கணினியை அணைத்தாள்.

கருவி அதற்குப் பிறகு வந்ததுதான். நடுவரே இல்லாத போட்டி. எழுதுகிறவர்களே ஒருவர் கட்டுரையை இன்னொருவர் படித்துப் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். யார் யாருக்கு என்ன போட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும். கூட்டல், சராசரி, வரிசை எல்லாம் கருவி பார்த்துக்கொள்ளும். ஏமாற்றினால் புள்ளி வைக்கும். யாரும் யாரையும் கூப்பிட்டுக் கெஞ்ச முடியாது, கெஞ்சினாலும் எண்களை மாற்றுகிற கை எதுவும் நடுவில் இல்லை. நிரல் முழுவதையும் யாரும் எடுத்துப் பார்க்கலாம், தங்கள் போட்டிக்கு வைத்துக்கொள்ளலாம், வேண்டியபடி மாற்றலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தாள். அவளுடைய கல்லூரித் தோழி ஷைமா படங்களும் உதவிப் பக்கமும் செய்து கொடுத்தாள். பெங்களூரிலிருந்து போட்டியை ஒருங்கிணைத்த பாலமுரளி, கன்னடக்காரர்களும் மலையாளக்காரர்களும் இந்தக் கருவியைக் கவனித்துக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தார். முதல் போட்டி ஒழுங்காக முடிந்துவிட்டால் அவர்களும் எடுத்துக்கொள்வார்கள். அப்பா ஜனகராஜ் மருந்து விற்பனைக்காக ஊர் ஊராகப் போகிறவர். மகள் செய்கிற காரியம் அவருக்குப் புரியவில்லை. ஆனால் ‘மூணு மொழி’ என்பது புரிந்தது. டீக்கடையில் சொல்லிவிட்டார்.

பாலமுரளியின் அஞ்சல் பதினோரு மணிக்கு வந்தது. ‘சபாஷ். இதைத்தான் எதிர்பார்த்தோம். முதல் மூன்று பேரையே பிடித்திருக்கிறது. இனி சிபாரிசு வரும், அழுகை வரும். யார் கேட்டாலும் புள்ளியை எடுக்காதீர்கள். ஆள் பார்த்து மாறுகிற கருவி என்று பெயர் வந்தால் அதோடு முடிந்தது. ஞாயிறு இரவு போட்டி முடிகிறது, அதுவரை தாக்குப்பிடியுங்கள்.’

மத்தியானம் தொலைபேசி அடித்தது. அம்மா எடுத்தாள். யாரோ தங்கப்பொண்ணாம், உசிலம்பட்டியாம் என்று ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு, வீட்டில் பேசுகிற சௌராஷ்டிர மொழியில் கேட்டாள். அலர்மேல்மங்கை வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அம்மா தமிழுக்கு மாறி, “குளிச்சிக்கிட்டு இருக்கும்மா” என்றாள். சாயங்காலம் மறுபடி அடித்தது. மறுபடியும் குளித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை அம்மாவே சலித்துப்போய், அந்தப் பொண்ணு ‘அக்கா ஊருல அம்புட்டுத் தண்ணியா வருது?’ என்று கேட்கிறாள், நான் என்ன பதில் சொல்ல என்றாள்.

புதன்கிழமை, போட்டியின் உரையாடல் பக்கத்தில், எல்லோரும் பார்க்க, தங்கப்பொண்ணு எழுதியிருந்தாள். ‘போனை எடுக்க மாட்டேன்கிறீர்கள். நாங்கள் என்ன ஏமாற்றினோம் என்று எங்களுக்கே தெரியவில்லை. தெரிந்தால் ஒத்துக்கொள்கிறோம். நேரில் வாருங்கள், இல்லை நாங்கள் வருகிறோம். பஸ்ஸ்டாண்டுக்கு எதிரே உரக்கடை மாடியில் பிரவுசிங் சென்டர். சாயங்காலம் அங்கேதான் இருப்போம்.’ அதன் கீழே யாரோ ஒரு சிரிப்புக் குறி போட்டிருந்தார்கள். அந்தக் குறி அலர்மேல்மங்கைக்குத் தெரிந்த குறி.

அன்று மத்தியானம் முழுவதும் அவள் மூவருடைய கணக்குகளையும் குடைந்தாள். மதிப்பெண்களைப் பொறுத்தவரை சந்தேகமே இல்லை. காளை தங்கப்பொண்ணுவுக்கு எட்டு போட்டிருக்கிறார், மறுநாள் அவள் அவருக்கு ஒன்பது. அடுத்த கட்டுரைக்கு அவர் பத்து. அன்னக்கொடியோடும் அப்படியே. படிக்கட்டு மாதிரி ஏறியிருந்தது. ஆனால் பத்தைத் தொட்ட பிறகு வேறு ஒன்று நடந்திருந்தது. தங்கப்பொண்ணுவின் கோமாரி நோய்க் கட்டுரைக்குள் காளை புகுந்து, கால்நடைத் துறை வெளியீட்டிலிருந்து ஆதாரம் சேர்த்திருந்தார். பதிலுக்கு அவள் அவருடைய குதிரைவாலிக் கட்டுரையின் பாதியைத் திருத்தி எழுதியிருந்தாள். அன்னக்கொடியின் கண்மாய் மடைக் கட்டுரைக்கு யாரோ வெயிலில் நின்று எடுத்த படங்கள். போட்டியில் வேறு எந்தக் கட்டுரைக்குள்ளும் இன்னொருவர் கை இவ்வளவு பட்டிருக்கவில்லை. ஏமாற்றுகிறவர்கள் எதற்காக இவ்வளவு வேலை செய்ய வேண்டும்? மதிப்பெண்தான் கையில் இருக்கிறதே. அவள் மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள். எண்களுக்கு வேறு அர்த்தம் கிடைக்கவில்லை.

ஷைமா காஜிமார் தெருவிலிருந்து வியாழக்கிழமை வந்தாள். ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் பாடம் எடுக்கிறவள், தினமும் ஐம்பது பேரிடம் கத்துகிற தொண்டை. “நீ சரியாப் பிடிச்சியா தப்பாப் பிடிச்சியா, அது அப்புறம்டி. ஒரு மனுஷி போன் பண்ணுறா. எடுக்கணுமா இல்லையா?”

“எடுத்து என்ன சொல்றது?”

“ஹலோன்னு சொல்லு. மிச்சம் தானா வரும்.”

“அழுதா?”

“அழுதா அழட்டும். நீ என்ன எட்டுப் போடப் போறியா?” சொல்லிவிட்டு ஷைமா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு, “எங்க அத்தாகிட்டச் சொல்லிட்டேன், அவரு போயிட்டு வான்னுட்டாரு. சனிக்கிழம நான் லீவு. ரெண்டு பேரும் உசிலம்பட்டி போறோம், வர்றோம்னு அவங்களுக்கு எழுதிடுறேன்” என்றாள்.

திருமங்கலத்தில் பஸ் மாறினார்கள். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் மானாவாரிக் காடு. மழை பொய்த்த வருஷம், சோளம் முழங்காலோடு நின்றிருந்தது. ஷைமா முன் சீட்டுக் கிழவரிடம் சந்தை நாள் விசாரித்துக்கொண்டு வந்தாள். அலர்மேல்மங்கை சொல்ல வேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்தினாள். முதலில் விதி. பிறகு எண்கள். பிறகு, கருவி எல்லோருக்கும் ஒன்று. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வரிசை கலைந்தது, திரும்ப அடுக்கினாள். பஸ் உசிலம்பட்டிக்குள் நுழைந்தபோது அவளுடைய கையிலிருந்த டிக்கெட் சுருண்டு மாவாகியிருந்தது.

உரக்கடை மாடியில் யூரியா வாசனையும் கணினிச் சூடும் சேர்ந்து அடித்தன. பிளைவுட் தடுப்புகளுக்கு நடுவே ஒரு மின்விசிறி. குள்ளமாக, கழுத்தில் பி.எட். கல்லூரி அடையாள அட்டையோடு எழுந்து வந்தவள்தான் தங்கப்பொண்ணு.

“நீங்கதானாக்கா? நான் கண்ணாடி போட்ட பெரிய டீச்சரம்மா ஒருத்தவுக வருவாகன்னுல்ல இருந்தேன்.”

“கண்ணாடி பையில இருக்கு, திட்டும்போது போட்டுக்குவா” என்றாள் ஷைமா.

அன்னக்கொடி தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி மறைந்தாள். தங்கப்பொண்ணுவோடு படிக்கிறவள். காளை சிரிக்கவில்லை. டுடோரியலில் கணக்கு எடுக்கிறவர், முப்பது வயது இருக்கும். சுவரில் சாய்ந்து நின்றபடி, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

“எங்க ஊருக்காரன்னா பேருக்கு முன்னாடி ஒரு குறி வெக்கணும். கம்ப்யூட்டர் வந்தும் அது மாறல போல.”

அலர்மேல்மங்கைக்கு முகம் சுட்டது. பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று சொல்லி அந்த ஊர்க்காரர்களுக்குப் பெயர்ப்பட்டியலும் கைரேகையும் என்று வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு சட்டம் இருந்தது. அதைப் பற்றிய கட்டுரையையும் இதே கலைக்களஞ்சியத்தில்தான் அவள் படித்திருந்தாள், ஒரு வரியில் காற்புள்ளிகூடத் திருத்தியிருந்தாள். சிவப்பைத் தேர்ந்தெடுத்தபோது அது எங்கேயும் நினைவுக்கு வரவில்லை. எச்சரிக்கை என்றால் சிவப்பு, அவ்வளவுதான் நினைத்தாள்.

“ஏண்ணே, வந்தவுகளுக்கு மொதல்ல டீயச் சொல்லு. சண்டைய டீக்கு அப்புறம் வெச்சுக்குவம்” என்றாள் தங்கப்பொண்ணு.

டீ வந்தது. பஸ்ஸில் அடுக்கி வைத்திருந்த வரிசையில் ஒன்றும் மிச்சமில்லை. அலர்மேல்மங்கை கையோடு கொண்டுவந்த தாளை விரித்து, எண்களைக் காட்டினாள். “எட்டு, ஒன்பது, பத்துன்னு மாத்தி மாத்தி ஏறியிருக்கு. பேசி வெச்சுப் போட்டீங்களா?”

“பேசவே இல்லையே.”

“பேசாம எப்படி இப்படி ஏறும்?”

தங்கப்பொண்ணு அவளை வினோதமாகப் பார்த்தாள். “காளையண்ணே எனக்கு எட்டு செஞ்சாரு. நான் அவருக்கு என்ன செய்யணும்?”

“கட்டுரைக்கு எவ்வளவு தகுமோ அவ்வளவு.”

“அது சரிக்கா. ஆனா அவரு எட்டு செஞ்சிருக்காருல்ல? ஒருத்தரு நம்ம வீட்டு விசேஷத்துக்கு அண்டா எடுத்துட்டு வாராரு. அவுக வீட்டு விசேஷத்துக்கு நாம அண்டாவோட ஒரு குத்துவெளக்கும் சேத்துல்ல கொண்டு போவோம்? கொறச்சுக் கொண்டு போனா சண்டை. சரிக்குச் சரியா கொண்டு போனா அது இன்னும் மோசம். ‘முடிச்சுக்குவம், இனி உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல’ன்னு அர்த்தம். அதுனால ஒம்போது செஞ்சேன். மார்க்கும் செய்முறைதானக்கா? யாரு யாருக்கு எம்புட்டு செஞ்சாகன்னு பேரோட போட்டு ஊரே பாக்குற மாதிரி நீங்கதான் வெச்சிருக்கீக.”

ஷைமா டீயைத் துப்பிவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். “அப்ப பத்துக்கு அப்புறம்?”

“அதான்க்கா பெரிய கஷ்டமாப் போச்சு” என்று தடுப்புக்குப் பின்னாலிருந்து அன்னக்கொடி சொன்னாள். முதல் தடவையாக முழுதும் வெளியே வந்தாள். “பத்துக்கு மேல நீங்க எடமே வெக்கல. இவ எனக்குப் பத்து செஞ்சிட்டா. நானும் பத்தே செஞ்சா உறவு முறிஞ்ச மாதிரி. என்ன செய்யிறதுன்னு மூணு நாள் யோசிச்சோம். அப்புறம் வேலையாச் செய்யலாம்னு ஆரம்பிச்சோம். காளையண்ணே வேகாத வெயில்ல பேரையூர் வரைக்கும் சைக்கிள்ல போயி எனக்கு மடை படம் எடுத்துட்டு வந்தாரு. நான் அதுக்கு இன்னும் செஞ்சு முடிக்கல.”

“நீ செய்ய வேணாம், விடு” என்றார் காளை.

“விடுறதாமே! கேட்டியா?” என்றாள் அன்னக்கொடி தங்கப்பொண்ணுவிடம்.

அலர்மேல்மங்கை சிரிக்கவில்லை. இந்த வழக்கம் அவளுக்குத் தெரியாததல்ல. வீட்டில் எந்தப் பாத்திரம் யார் கொடுத்தது என்று அம்மா இருட்டில் தடவிச் சொல்வாள். பெரியம்மா மகள் கல்யாணத்துக்கு என்ன எடுப்பது என்று இரண்டு நாள் வாதம் நடந்ததை அவளே பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள், அப்போது அவள் எழுதிக்கொண்டிருந்தது இந்தக் கருவியின் மதிப்பெண் பகுதி. ஒரு சுவர்தான் நடுவில். கட்டுரைக்கும் மதிப்பெண்ணுக்கும் இடையே ஒன்றும் இல்லை என்று நினைத்து எழுதிய இடத்தில், இவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். அதனால் எண்கள் கெட்டுப்போயின. அதனாலேயே கட்டுரைகள் நன்றாக வந்தன. இரண்டையும் பிரித்தெடுக்க அவளுக்கு வழி தெரியவில்லை.

“யார் போட்டாங்கன்ற பேர மறைச்சிட்டா?” என்றாள் ஷைமா.

“யாரு செஞ்சாகன்னே தெரியாட்டி திருப்பி எப்படிக்கா செய்யிறது?” என்றாள் தங்கப்பொண்ணு. “அப்புறம் நான் என்னத்துக்கு அவரு கட்டுரைக்குள்ள போயி மாரடிக்கப் போறேன்?”

அலர்மேல்மங்கை தாளை மடித்தாள். குரல் சின்னதாக வந்தது. “இருந்தாலும் மார்க் தப்புதான்.”

“படிச்சுட்டுத்தான்க்கா போட்டோம்” என்றாள் அன்னக்கொடி.

“படிச்சீங்க. எவ்வளவு தோணுச்சோ அதைப் போடலை.”

காளை சுவரிலிருந்து நகர்ந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அது வாஸ்தவம்” என்றார். “குதிரைவாலிக்கு நானா இருந்தா அஞ்சுதான் போட்டிருப்பேன்.”

“அண்ணே! அப்ப நான் போட்ட ஒம்போது?”

“நீ செஞ்சது. நான் எழுதினது அஞ்சு.”

தங்கப்பொண்ணு கொஞ்ச நேரம் அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றினாள். பிறகு விளையாட்டு இல்லாத குரலில் பேசினாள். “அக்கா, மொத எடம் வேணாம். கடைசியில போட்டாலும் சரி. இந்தப் புள்ளிய மட்டும் எடுத்துருங்க. நான்தான் வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, பிரின்ஸிபால்ட்ட போயி நம்ம காலேஜ் பேரு இன்டர்நெட்டுல வருதுன்னு சொன்னேன். திங்கக்கெழம அந்த லிஸ்ட பிரின்ட் எடுத்து போர்டுல ஒட்டச் சொல்லியிருக்காரு. ஒட்டுனா எல்லாரும் புள்ளியத்தான் பாப்பாக. கட்டுரைய எவன் பாக்கப் போறான்? அடுத்த மாசம் ஸ்கூலுக்கு டீச்சிங் பிராக்டீஸ் போறேன். பிள்ளைகளுக்கு முன்னாடி நிக்கணும்ல?”

“எடுக்க வழி இல்லை.”

“நீங்கதான எழுதுனீங்க?”

“ஆமா. வைக்கத்தான் எழுதினேன். எடுக்க எழுதலை.”

“ஏன்க்கா?”

கீழே கடையில் யாரோ மூட்டையை இறக்கிப் போட்டார்கள், தரை லேசாக அதிர்ந்தது. “யாராவது வந்து கேட்டா எடுத்துருவேன். அதனால” என்றாள் அலர்மேல்மங்கை.

தங்கப்பொண்ணு அவளைப் பார்த்தாள். அன்னக்கொடி ஷைமாவைப் பார்த்தாள். ஷைமா, ஆமாம் என்பது போலத் தலையாட்டினாள்.

“அடி ஆத்தி” என்றாள் தங்கப்பொண்ணு மெதுவாக. “அப்ப நாங்க வந்து கேட்டதுதான் தப்பா?”

அலர்மேல்மங்கை பையிலிருந்து பென் டிரைவை எடுத்தாள். எந்தக் கணினியில் உட்காரலாம் என்று கேட்டாள். அன்னக்கொடி தன் இடத்தைத் துப்பட்டாவால் தட்டிவிட்டுக் காட்டினாள்.

கருவியின் நிரல் பென் டிரைவில் இருந்தது. புள்ளி வைக்கிற பகுதியைத் திறந்து, அதன் கீழே எழுத ஆரம்பித்தாள். எழுதும்போது அவளுக்குக் கூச்சம் இருப்பதில்லை. மதிப்பெண் மாற்றிக்கொண்ட கூட்டத்துக்கு வெளியே உள்ள ஒருவர், கட்டுரையை முழுதும் படித்து, காரணத்தோடு, தன் சொந்தப் பெயரில் மதிப்பெண் போட வேண்டும். போட்டால் அந்தக் கட்டுரையின் பழைய மதிப்பெண்கள் எல்லாம் போகும், கூடவே எழுதியவர் பெயரிலிருந்து புள்ளியும் போகும். அவருடைய மற்ற கட்டுரைகள், அப்படி ஒருவர் படிக்கும் வரை கணக்கில் சேரா. காரணப் பெட்டி காலியாக இருந்தால் பொத்தான் அசையாது. பெரிய வேலை இல்லை. மூன்று பேரும் பின்னால் நின்று, புரியாத எழுத்துகள் வரிசை வரிசையாக விழுவதைப் பார்த்தார்கள். முடித்து, ஏற்றுவதற்கு முன், என்ன மாற்றினேன் என்று ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. திறந்த நிரலில் அது எல்லோருக்கும் தெரியும். பாலமுரளி பார்ப்பார். கன்னடக்காரர்கள், மலையாளக்காரர்கள் பார்ப்பார்கள். ‘ஆள் படிக்க வேண்டிய இடத்தில் நான் எண்ணை மட்டும் வைத்திருந்தேன். மாற்றியிருக்கிறேன்’ என்று எழுதி, ஏற்றினாள்.

“போச்சு” என்றாள் ஷைமா. “ராத்திரி பெங்களூர்லருந்து போன் வரும். எடுப்பியா?”

“எடுக்கணும்.”

பிறகு கோமாரிக் கட்டுரையைத் திறந்தாள். பஸ்ஸில் போகிறவள் போலத் தாண்டித் தாண்டிப் படிக்காமல், முதல் வரியிலிருந்து படித்தாள். பக்கத்தில் தங்கப்பொண்ணு மூச்சு விடுவது கேட்டது. நோய் வந்த மாட்டின் வாய், குளம்பு, நிழலில் கட்டுவது, வேப்பெண்ணெய் தடவுவது எல்லாம் கண்ணில் தெரிகிற மாதிரி எழுதியிருந்தாள். நடுவில் ஒரு பெரிய பகுதிக்கு ஆதாரமே இல்லை. தடுப்பூசி பற்றி ஒரு வரிகூட இல்லை. முடிவு அவசரமாக இருந்தது. படித்து முடித்து, அலர்மேல்மங்கை தங்கப்பொண்ணுவின் பக்கம் திரும்பினாள்.

“ஆறு” என்றாள்.

“ஆறா?”

“ஆறு.”

“ஏழுகூட இல்லையாக்கா?”

அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். தங்கப்பொண்ணு கெஞ்சவில்லை, கேட்டாள், அவ்வளவுதான். முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது, நெற்றியில் வியர்வையில் கரைந்த திருநீறு. ஏழு என்று சொல்லிவிடுவது மிகவும் எளிது. ஏழுக்கும் காரணம் சொல்லிவிட முடியும்.

“இல்லை. தடுப்பூசி பத்தி ஒண்ணுமே இல்லை. மாடு வெச்சிருக்கிறவங்க அதைத்தான் தேடி வருவாங்க.”

தங்கப்பொண்ணு திரையைப் பார்த்தாள். உதடு துடித்த மாதிரி இருந்தது, அல்லது கணக்குப் பார்த்தாள். “ஆமா, எழுதல” என்றாள். “எழுதணும்னு நெனச்சேன். அண்ணேன் கட்டுரைக்குச் செய்யிற அவசரத்துல விட்டுட்டேன்.”

காளை ஸ்டூலில் இருந்தபடியே சிரித்தார். “ஆறு வாங்குனதுக்கு என்ன செய்யப் போற, ஆத்தா? திருநகருக்கு ஏழு அண்டா கொண்டு போ.”

“போண்ணே.”

அலர்மேல்மங்கை காரணத்தைத் தட்டினாள், கீழே தன் முழுப்பெயரைப் போட்டாள். பக்கத்தைப் புதுப்பித்தபோது தங்கப்பொண்ணுவின் பெயருக்கு முன்னால் ஒன்றும் இல்லை. முதல் திரையிலும் அந்தப் பெயர் இல்லை. கீழே, கீழே இறங்கி, ஒரே ஒரு கட்டுரை எழுதிவிட்டுப் போனவர்கள் வரிசையில் கிடைத்தது. தங்கப்பொண்ணு விரலை வைத்துத் தன் பெயரைத் தொட்டாள். “கெடக்கட்டும்” என்றாள். “இங்கன இருக்கேன்ல.” உடனே பக்கத்துக் கணினிக்குப் போய், நாற்காலியை இழுத்து, தடுப்பூசி என்று தேட ஆரம்பித்தாள். நாளை இரவு வரை நேரம் இருந்தது.

ஷைமா கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறரைக்கு ஒரு பஸ், அதை விட்டால் திருமங்கலத்தில் மாறுவது கஷ்டம். கீழே டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. காளை எழுந்து, தன்னுடையதை நாளைக்குப் படித்துக்கொள்ளலாம், அஞ்சுதான் வரும் என்று தனக்கே தெரியும் என்றார். “நீங்க படிச்சா நல்லது. ஆனா பஸ் முக்கியம்.”

அன்னக்கொடி மட்டும் நகரவில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. “அக்கா, எனக்கும்” என்றாள்.

அலர்மேல்மங்கை ஷைமாவைத் திரும்பிப் பார்த்தாள். ஷைமா கைப்பையைத் திரும்ப மேசையில் வைத்தாள். கண்மாய் மடைக் கட்டுரை திறந்தது. நீளமான கட்டுரை. மேலே காளை எடுத்த படம், வறண்ட கண்மாயின் நடுவே மடைத்தூண்கள் இரண்டு, கீழே அவற்றின் நிழல். அலர்மேல்மங்கை கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் நின்ற அன்னக்கொடி திரையைப் பார்க்கவில்லை. படிக்கிறவளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.